ஒருவருக்கு மருந்து பூசினால் போதாது

வட பகுதியிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே தொற்றுநோய் வராமலும், வந்தால் பரவாமலும் பார்த்துக்கொள்வது எனது பொறுப்பு. "அப்படியும் ஒரு வேலை உண்டோ?" என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். உண்டு. பெரிய வைத்தியசாலைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் இருக்கிறார்கள். முதியோர் இல்லங்களிலோ யாராவது ஒருவர் மற்ற வேலைகளோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் இல்லத்தில் அந்த ஒருவர் நான்.

இல்லத்தில் இருப்பவர்கள் வேறு யாருமல்லர். வெங்காயம் நட்டவர்கள், வயல் விதைத்தவர்கள், மாடு வளர்த்தவர்கள். உங்களைப் போலவே பல தடவை இடம்பெயர்ந்து, காணியையும் கிணற்றையும் விட்டு வந்தவர்கள். இன்று ஒரே கூரையின் கீழ், கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழ இடைவெளியில் படுத்திருக்கிறார்கள். நாற்றுமேடையில் நெருக்கமாக நிற்கும் நாற்றுகளில் ஒன்றுக்கு அழுகல் வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான்.

முகாமிலோ, உறவினர் வீட்டிலோ, ஒரே அறையில் பலராகப் படுத்து எழும்பியவர்கள் இதைப் படிப்பீர்கள். ஆகவே எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதில் நான் விட்ட பிழையையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கைகளே வாகனம்

முதியவர்களின் உடலில் எதிர்ப்புச் சக்தி குறைவு. தோல் மெல்லியது, எளிதில் உரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வரும். சிலருக்குச் சிறுநீர் போகக் குழாய் போட்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்துவிட்ட படலை.

கிருமி தானாக நடந்து ஒரு கட்டிலிலிருந்து மற்றக் கட்டிலுக்குப் போவதில்லை. பெரும்பாலும் எங்கள் கைகளில்தான் போகிறது. ஒரு பராமரிப்பாளர் காலையில் பத்துப் பேரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, அதே கையால் தேநீரும் கொடுக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில் கை சுத்தம் செய்யவேண்டிய ஐந்து வேளைகளைச் சொல்லியிருக்கிறது. நோயாளியைத் தொடுமுன், புண் கட்டுவது, குழாய் போடுவது போன்ற வேலைகளுக்கு முன், இரத்தம், சிறுநீர், மலம், சளி முதலியன பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், போர்வை முதலியவற்றைத் தொட்ட பின்.

கேட்பதற்கு எளிது. ஆனால் சவர்க்காரமும் தண்ணீரும் கிணற்றடியில் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் இருபது தடவை யார் போய் வருவார்கள்? "கை கழுவு, கை கழுவு" என்று நான் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தேன், பலன் இல்லை. பிறகு ஒவ்வொரு மண்டப வாசலிலும் குழாய் பூட்டிய வாளி ஒன்றும், நூலில் கட்டிய சவர்க்காரத் துண்டும் வைத்தோம். அதன் பின்தான் கைகள் கழுவப்பட்டன. ஆட்களைக் குறை சொல்வதை விட வாளியைக் கிட்ட வைப்பது பயன் தரும் என்பதே இந்த வேலையில் நான் படித்த முதற்பாடம். இரண்டாவது பாடத்தைப் படிக்க ஒரு ஆச்சி தேவைப்பட்டார்.

ஆச்சியின் கடி

அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் தனியாக நின்று வெங்காயத் தோட்டம் செய்தவர். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"இரவில நித்திரை இல்லைப் பிள்ளை. தோலுக்குள்ள ஏதோ ஊருது."

"வயது போனால் தோல் காயும் ஆச்சி. எண்ணெய் பூசிவிடுறன், சரியாகும்."

எண்ணெய் பூசினோம். அடுத்த வாரமும் சொன்னார். அடுத்த வாரமும் பூசினோம். மூன்று வாரம் இப்படியே போயிற்று. பிறகு பக்கத்துக் கட்டில் அம்மாவும் சொறியத் தொடங்கினார். அதன் பிறகு மற்ற மண்டபத்தில் இரண்டு பேர். இரவில் மண்டபத்தினூடாக நடந்தால் நகத்தால் தோலைச் சொறியும் சத்தம் கேட்கும்.

அந்த நாட்களில் எங்கள் பராமரிப்பாளர்களில் ஒரு பிள்ளை, வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது கையை மடித்துவிட்டாள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு சிறு பருக்களும் சொறிந்த காயங்களும் இருந்தன.

"எத்தனை நாளாய்?"

"ஒரு மாதத்துக்கு மேலை அக்கா. வீட்டிலை சின்னவனுக்கும் கடிக்குது. சொன்னால் வேலைக்கு வராதை எண்டு சொல்லுவியளெண்டு பயந்திட்டன். நாட்சம்பளம்தானே."

அவள் சொன்னது உண்மை. அதுவரை எங்கள் இல்லத்தில் நோயென்று வீட்டில் நின்றவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. மறைப்பதற்குக் காரணத்தைக் கொடுத்தவர்கள் நாங்களே.

வைத்தியர் கண்டது

அன்றே பிரதேச வைத்தியசாலைக்குப் போனோம். வைத்தியர் இல்லத்துக்கு வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும் வந்திருந்தது சொறிசிரங்கு. ஆங்கிலத்தில் ஸ்கேபீஸ் என்பார்கள்.

பிறகு வைத்தியர் மூலைக் கட்டிலில் படுத்திருந்த ஒரு அப்புவின் போர்வையை விலக்கினார். பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர் அவர். கைகளிலும் பாதங்களிலும் தோல் தடித்து, சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. அதை நாங்கள் பழைய தோல் வருத்தம் என்றே நினைத்திருந்தோம். அவர் சொறியவும் இல்லை, முறையிடவும் இல்லை. "இவரிடமிருந்துதான் எல்லோருக்கும் போயிருக்க வேண்டும்" என்றார் வைத்தியர். அவரைத் தூக்கி உட்கார்த்தி, துடைத்து, உணவூட்டிய ஒவ்வொரு கையும் அதைக் கொண்டு போயிருந்தது. அந்தக் கைகளில் என்னுடையவையும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி

மிளகாய்த் தோட்டத்தில் இலை கீழ்நோக்கிச் சுருளும்போது அது சிற்றுண்ணியின் வேலை என்று அறிவீர்கள். செடியில் தேடினால் கண்ணுக்கு அகப்படாது. சொறிசிரங்குக்குக் காரணமும் ஒரு சிற்றுண்ணியே. ஆனால் இது மனிதத் தோலில் வாழும் வேறு இனம். பெண் உண்ணி ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு அளவுதான் இருக்கும். தோலின் மேற்படையைக் குடைந்து உள்ளே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் அவை பொரிக்கும்.

இதைக் கண்டறிந்த கதையும் அறியத்தக்கது. 1687இல் இத்தாலிய வைத்தியரான பொனோமோ, ஏழைப் பெண்கள் தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ கிண்டி எடுப்பதைப் பற்றி அறிந்தார். அவ்வாறு எடுத்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது அது ஒரு சிறு உயிர் என்று கண்டார். படித்த வைத்தியர்கள் உடம்பின் கெட்ட நீர் என்று சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், ஏழைத் தாய்மார் உண்மைக் காரணத்தைக் கையிலே எடுத்திருந்தார்கள்.

சாதாரணமாக ஒருவரின் உடம்பில் பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும். ஆனால் உடல் மிகவும் பலவீனமானவர்களில், எங்கள் அப்புவைப் போல, பொருக்குச் சிரங்காக மாறினால் ஆயிரக்கணக்கில், சில வேளை இலட்சக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கடி குறைவாகவும் இருக்கலாம்.

முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். முதன்முறை தொற்றியவருக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை கடி தெரியாது. ஆனால் அந்த நாட்களிலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். ஆகவே "எனக்குக் கடிக்கவில்லை, எனக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்லும் ஒருவர், மருந்து பூசிக் குணமான பத்துப் பேருக்கு மறுபடியும் கொடுத்துவிடலாம். நீங்கள் பூச்சிக்கு மருந்து அடித்து, பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்காமல் விட்டால் என்ன பயன்?

ஊத்தையால் வருவதல்ல

மருந்து வந்தது. ஆனால் மருந்தை விடக் கடினமாக இருந்தது ஆட்களைச் சம்மதிக்க வைப்பது. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பொறுப்பாளர் தயங்கினார். ஓய்வுபெற்ற ஒரு ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிரங்கு ஊத்தையிலை வாறது. நான் ஒரு நாளும் குளிக்காமல் இருந்ததில்லை."

"ஐயா, தினம் மூன்று தரம் குளித்தாலும் இது வரும். தோலோடு தோல் முட்டினால் வரும். உங்களுக்குச் சட்டை போட்டுவிட்ட கைதான் மற்றவருக்கும் போட்டுவிட்டது. பிழை உங்களில் இல்லை."

நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பூசுங்கோ" என்றார். அவருக்குத் தேவைப்பட்டது மருந்தைப் பற்றிய விளக்கமல்ல; தன்னை யாரும் ஊத்தையானவர் என்று நினைக்கவில்லை என்ற உறுதி. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2017இல் அந்நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நெருக்கமாக வாழ நேர்ந்தவர்களின் நோய் இது. வெட்கப்பட வேண்டியவர்களின் நோயல்ல.

ஒரே நாளில், எல்லோருக்கும்

ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். இல்லத்தில் இருந்த அனைவரும், பராமரிப்பாளர்களும், சமையற்காரரும், இரவுக் காவலாளியும், அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டாரும் ஒரே இரவில் மருந்து பூசுவது என்று முடிவாயிற்று. அப்புவை மட்டும் வைத்தியசாலையில் சேர்த்து, குளிசையும் களிம்பும் பல தடவை கொடுத்தார்கள்.

மற்றவர்களுக்கு வைத்தியர் தந்தது பேர்மெத்ரின் 5 வீதக் களிம்பு. பின்னேரம் எல்லோருக்கும் நகம் வெட்டினோம். குளித்துத் தோல் உலர்ந்த பிறகு பூசினோம். கடிக்கும் இடத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுவதும். விரலிடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு, கக்கம், தொப்புள், இடுப்பு, மார்பின் கீழ், மறைவிடம், பிட்டம், உள்ளங்கால் ஒன்றும் விடவில்லை. வயதானவர்களுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் பூசச் சொல்லியிருந்தார் வைத்தியர். ஒருவர் முதுகுக்கு மற்றவர் பூசினோம். இரவு யாராவது கை கழுவினால் கைக்குத் திரும்பவும் பூசினோம். காலையில் எல்லோரையும் குளிப்பாட்டினோம்.

அதே காலை, முந்தின மூன்று நாளில் பாவித்த உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் பெரிய கிடாரத்தில் கொதிநீரில் ஊறவைத்துத் தோய்த்து, நல்ல வெயிலில் உலர்த்தினோம். கொதிநீரில் போட முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தோம். உடம்பை விட்டு நீங்கினால் இந்த உண்ணி சாதாரணமாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது.

ஏழாம் நாள் எல்லோருக்கும் இரண்டாவது தடவை பூசினோம். முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரித்திருந்தால் அவற்றைக் கொல்வதற்காக.

அடுத்த நாளே கடி நின்றுவிடவில்லை. ஆச்சி என்னைக் கோபித்தார். செத்த உண்ணியும் அதன் கழிவும் தோலில் இருக்கும்வரை, இரண்டு முதல் நாலு வாரத்துக்குக் கடி இருக்கலாம். இது தெரியாமல் பலர் மருந்து வேலை செய்யவில்லையென்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக் கொள்வார்கள். ஒரு மாதம் சென்றது. ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தேநீர் கொண்டுபோனபோது ஆச்சி எழும்பவில்லை. பயந்துபோய் நெற்றியில் கை வைத்தேன். நல்ல நித்திரை. தேநீரை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

பீஜித் தீவுகள் தரும் சான்று

நாங்கள் செய்ததைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜி நாட்டில் 2012இல் தொடங்கி மூன்று தீவுச் சமூகங்களில் ஆய்வொன்று நடந்தது. ஒன்றில் நோய் கண்டவர்களுக்கும் அவர்களோடு நெருங்கி இருந்தவர்களுக்கும் மட்டும் களிம்பு கொடுத்தார்கள். இரண்டாவதில் கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் களிம்பு. மூன்றாவதில் எல்லோருக்கும் ஐவர்மெக்ரின் குளிசை; அது ஒத்துவராதவர்களுக்குக் களிம்பு.

ஒரு வருடத்தின் பின் பார்த்தார்கள். முதலாவதில் நூற்றுக்கு 37 பேராக இருந்தது 19 ஆகக் குறைந்தது. இரண்டாவதில் 42 பேராக இருந்தது 16 ஆயிற்று. மூன்றாவதில் 32 பேராக இருந்தது இரண்டே பேராயிற்று. சேர்ந்து செய்ததன் பலன் இதுவே.

மறைக்க வைக்காதீர்கள்

நீளக்கைச் சட்டை போட்ட பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பொறுப்பாளர் அவளை நிறுத்தவில்லை. மருந்து பூசிய இரவுக்கு அடுத்த நாள் அவளுக்குச் சம்பளத்துடன் ஓய்வு கொடுத்தோம். அன்றிலிருந்து காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம், சொறி இவற்றில் ஏதும் என்று சொல்லி வீட்டில் நிற்பவருக்கு மூன்று நாள் வரை சம்பளம் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். பணம் எங்கிருந்து வரும் என்று பொறுப்பாளர் கேட்டார். ஒருவரின் மூன்று நாள் சம்பளத்தையும், முழு இல்லத்துக்கும் வாங்கிய மருந்து, விறகு, சவர்க்காரம் ஆகியவற்றின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் மேலும் கேட்கவில்லை.

இது எங்கள் இல்லத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. பணமுள்ள நாடுகளிலும் உண்டு. 2020 பெப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் கேர்க்லண்ட் என்ற ஊரிலிருந்த பராமரிப்பு இல்லமொன்றில் கொவிட் நோய் கண்டறியப்பட்டது. மார்ச் 18ஆம் திகதிக்குள் அங்கு வாழ்ந்த 101 பேருக்கும், ஊழியர் 50 பேருக்கும், பார்க்க வந்த 16 பேருக்கும் தொற்றியிருந்தது. தொற்றுக்குள்ளான இல்லவாசிகளில் மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களில் இரண்டு: ஊழியர் சிலர் நோய்க்குணத்தோடு வேலைக்கு வந்தது, சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தது. மருந்தும் கருவியும் எவ்வளவு இருந்தாலும், "எனக்குச் சுகமில்லை" என்று பயமின்றிச் சொல்ல முடியாத இடத்தில் நோய் புகுந்துவிடும்.

உங்கள் வீட்டில், உங்கள் குடியிருப்பில்

• இரவில் கூடும் கடி, வீட்டில் ஒருவருக்கு மேல் கடி, விரலிடுக்கில் பரு: இம்மூன்றும் சேர்ந்தால் சொறிசிரங்கு என்று சந்தேகியுங்கள். வைத்தியசாலைக்குப் போங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.

• வீட்டில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யார் கைக்குழந்தை, யார் பாலூட்டும் தாய் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும்.

• ஒரே பாயில், ஒரே அறையில் படுப்பவர்கள் எல்லோரும் ஒரே இரவில் பூசுங்கள். வைத்தியர் சொன்ன நாளில் இரண்டாவது தடவையும் பூசுங்கள். பாதியில் விடாதீர்கள்.

• மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் நாசினி எதையும் உடம்பில் பூசாதீர்கள். அவை தோலை எரிக்கும். நஞ்சு உடம்புக்குள் போகும். பிள்ளைகளுக்கு உயிராபத்து.

• சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் தாமதிக்க வேண்டாம். அந்தக் கிருமியால் பிள்ளைகளின் சிறுநீரகம் கெடக்கூடும். முகம் வீங்கினாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

• படுக்கையிலுள்ள முதியவரை வாரத்தில் ஒரு தடவையாவது நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை பாருங்கள். அவர் முறையிடவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஆச்சி மூன்று வாரம் எனக்கு உண்மையைச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. வயதானவர் ஒன்றைச் சொன்னால் "வயது போனால் அப்படித்தான்" என்று பதில் சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது. இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது நித்திரையின்றிச் சொறிகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிச் சண்டை பிடிக்க வேண்டாம். நாளைக் காலை எல்லோருமாக வைத்தியசாலைக்குப் போங்கள்.